ஒரு மடக்கு மிச்சம்

ஏப்ரல் 27, ஞாயிறு

இந்த டைரியை எழுதவேண்டியவர் நான் இல்லை. ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் அம்மா இவரிடம்தான் சொன்னார்: "தினமும் சாயந்திரம் மனசுல என்ன ஓடுதுன்னு எழுதுங்க சார்." வீட்டுக்கு வந்ததும் இவர் நகைக்கடை கொடுத்த டைரியை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டார். 'தணிகாசலம்' என்று பெயர் எழுதினார். பிறகு அரை மணி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுதிடு குமுதா. உனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து இவர் செய்யவேண்டியதைப் பாதிக்குப் பாதி நான்தான் செய்கிறேன். இதுவும் சேரட்டும். ஆனால் என் மனதில் ஓடுவதை எழுதினால் காகிதம் தாங்காது. அதனால் நடந்ததை மட்டும் எழுதப் போகிறேன்.

நடந்தது இதுதான். மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லீரல் இன்னும் முழுதாகக் கெடவில்லை, குடியை இப்போது விட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். நான் கட்டில் அருகில் நின்று இன்னொன்றும் சொன்னேன். "இன்னொரு தடவை உங்க மேல அந்த வாசனை வந்துதுன்னா நான் யாமினிகிட்டப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." இவர் தலையை ஆட்டினார்.

யாமினி எங்கள் ஒரே பெண். ஓசூரில் வேலை. அவளுடைய தோழிகள் வந்திருந்த நேரம் பார்த்து இவர் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றார் ஒரு நாள். அதிலிருந்து இரண்டு வருடமாக அவள் வேலூர்ப் பக்கம் வரவில்லை.

ஓசூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. மே மாதம் முடிவதற்குள் சரியென்றோ இல்லையென்றோ சொல்லவேண்டும். இவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, சும்மா போட்டு வைத்ததுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் தொந்தரவு இல்லை. மதியமும் இல்லை. ஏழு மணி ஆனதும் மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்தார், வைத்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். மொட்டை மாடிக்குப் போய்விட்டு உடனே இறங்கி வந்தார்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மோர வச்சிக்கினு எவ்ளோ நேரம் உக்கார முடியும் குமுதா? மூணு மடக்குல முடிஞ்சிபோவுது. அதுன்னா ஒரு மணி நேரம் ஓடும்."

அது என்று சொன்னதும் நான் முறைத்தேன். இவர் மறுபடி மாடிக்குப் போய்விட்டார். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதாக இவரிடம் சொல்லமாட்டேன்.

மே 1, வியாழன்

எங்கள் பள்ளி பூகோள டீச்சருக்கு வழியனுப்பு விருந்து ஒரு பெரிய ஓட்டலில் நடந்தபோது ஐஸ் டீ கொடுத்தார்கள். உயரமான கிளாஸ், விளிம்பில் எலுமிச்சைத் துண்டு. பேசிக்கொண்டே குடித்ததில் அது தீரவே இல்லை. இன்று சட்டென்று அது ஞாபகம் வந்தது.

டீ போடத் தெரியாதா எனக்கு? தூளைப் போட்டு, பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டு, வடிகட்டியில் கரண்டியால் அழுத்திப் பிழிந்து எடுத்தேன். ஆறவைத்துச் சர்க்கரை போட்டேன். அது கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பால் ஊற்றினால் அது டீ. பால் இல்லாமல் தண்ணீர் ஊற்றினால் கஷாயம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இவர் முகத்தைச் சுளிக்காமல் முழுவதையும் குடித்துவிட்டுக் கேட்டார்: "இது டாக்டர் எழுதிக் குடுத்ததா?"

மே 3, சனி

சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்தேன். சுடச்சுடக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மழைக்காலத்துப் பாலாற்றுத் தண்ணீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. ஐஸாவது போடலாம் என்று ஃபிரீசரைத் திறந்தால் தட்டில் வெறும் தண்ணீர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் இவர் கையால் ஓடுகிறது. எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஐஸ் உறைந்து மாதக்கணக்காகிறது. அதைச் சொல்லியே கத்தினேன்.

இவர் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கதவு ரப்பர் போயிருந்தது. அதைக் கழற்றி, வேறு மாட்டி, உள்ளே எதையோ குடைந்து, சட்டையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு எழுந்தபோது மணி எட்டரை. ஏழு மணி வந்துபோனது இவருக்குத் தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூருக்கு யாரும் வந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஐஸ் உறைந்திருக்கிறது.

மே 6, செவ்வாய்

எதிர்வீட்டு ரெஜினா அக்காவின் தம்பி குன்னூரில் இருக்கிறார். அங்கிருந்து வந்த இலைத் தேயிலையில் ஒரு டப்பா கொடுத்தார் அக்கா. "இதைக் கொதிக்க வச்சியோ, கெடுத்த" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மூன்று தடவை கெடுத்தேன். நான்காவது தடவை வந்தது. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் இலை. மூடி வைத்துவிட்டு ஒரு குழம்புக்கு வெங்காயம் நறுக்கும் நேரம் பொறுக்க வேண்டும். வடிகட்டும்போது பிழியவே கூடாது, கை துறுதுறுத்தாலும். ஒரு கிள்ளு ஆப்ப சோடா போட்டால் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு போய்விடுகிறது. சர்க்கரைக்குப் பதிலாகச் சூட்டோடு நன்னாரிப் பாகு ஊற்றினேன், அது என் சொந்த யோசனை. மேடையிலேயே முழுதாக ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைத்தேன். கலங்கவே இல்லை.

ஏழு மணிக்கு இவரே அலமாரியிலிருந்து, முன்பு பாட்டிலோடு எடுத்து வைத்துக்கொள்ளும் அந்தக் கண்ணாடி கிளாஸை எடுத்து வந்தார். ஆறு இருந்ததில் உடைந்தது போக மிச்சம் இரண்டு. ஐஸைப் போட்டு டீயை ஊற்றினேன். அப்போதுதான் பார்த்தேன், அந்த நிறம். அதே நிறம். ஐஸ் கிளாஸில் மோதி அதே சத்தம். எத்தனை வருடம் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

இவரும் அதைப் பார்த்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "எலுமிச்சம்பழம் இருந்தா நாளைக்குப் புழிஞ்சி குடு" என்றார்.

கிளாஸை மோந்து பார்த்துவிட்டுக் கழுவினேன். பால் பாத்திரமாக இருந்தாலும் மோந்து பார்த்துக் கழுவுவதுதான் என் பழக்கம்.

மே 9, வெள்ளி

ரெஜினா அக்கா காலையிலேயே வந்து கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குமுதா, தப்பா நெனைக்காத. உன் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பிச்சிட்டாரா? எங்க மாடியில இருந்து பாத்தேன். ஐஸெல்லாம் போட்டு, சாவகாசமா..."

நான் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கர்த்தர் நல்லவர். ஆனா அந்தக் கலரக் கொஞ்சம் மாத்தப் பாரு" என்றார்.

இவரிடம் சொன்னேன். தெருவே பார்க்கிறது, ஸ்டீல் டம்ளரில் குடித்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒளிச்சி ஒளிச்சிக் குடிச்சதெல்லாம் ஸ்டீல் டம்ளர்லதான்" என்றார். "இதயாவது கண்ணாடில குடிக்கிறனே."

நான் போய் ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

மே 12, திங்கள்

எட்டியப்பன் வந்தார். மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், இவருடைய பழைய கூட்டாளி. இவர் குடித்த குடியில் பாதிக்கு அவர் பக்கத்தில் இருந்திருக்கிறார். செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை என்ன சொல்வது?

மாடிப்படி ஏறியவர் பாதியிலேயே நின்றுவிட்டார். "டேய் தணிகா! ஆஸ்பத்திரி வாசனையே இன்னும் போவல, அதுக்குள்ளயாடா?" குரலில் நிஜமான பதற்றம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "சரி, ஆனது ஆச்சு. எனக்கும் ஒரு ரவுண்டு ஊத்து" என்றது.

நான் இன்னொரு கண்ணாடி கிளாஸில் ஊற்றி எடுத்துப் போனேன். மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று பாதியை இறக்கினார். பிறகு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணி, கலர் கரெக்ட்டு. ஐஸ் கரெக்ட்டு. ஆளத்தான் ஏமாத்திட்டீங்க."

இவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கப் போனால் அழுகை வரும், அதனால் பார்க்கவில்லை.

மே 13, செவ்வாய்

எட்டியப்பன் மறுபடி வந்தார். கையில் பத்து எலுமிச்சம்பழம்.

மே 16, வெள்ளி

ஐஸ் கரையக் கரைய டீ தண்ணீராகிவிடுகிறதென்று புலம்பிக்கொண்டிருந்தேன். "அப்ப டீயவே ஐஸ் தட்டுல ஊத்தி வையேன்" என்றார் இவர், தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்காமல். ஊற்றி வைத்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் அதே ருசி. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வாழ்க்கையை எப்படி ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தால் அடிக்கலாம் போல இருக்கிறது.

மாலையில் யாமினி போன் செய்தாள்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"மாடியில டீ குடிக்கிறார்."

"நம்பறியாம்மா?"

ரசம் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று ரசம் வைக்கவே இல்லை.

மே 18, ஞாயிறு

கிளாஸை மூக்கருகில் வைத்திருந்தபோது இவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது.

"இன்னா வாசனை வருது?"

"நன்னாரி."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இருந்தாலும் என் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நான் ஏன் வேர்க்கவேண்டும்? மோந்து பார்க்க வைத்தது யார்?

மே 20, செவ்வாய்

இவரிடம் ஒரு புதுக் கெட்ட பழக்கம். கிளாஸில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிடுகிறார். முந்தாநாள் வரை ஐஸைக்கூட விடாமல் கடித்துத் தின்றவர். நேற்றும் ஒரு மடக்கு, இன்றும் ஒரு மடக்கு. கழுவும் இடத்தில் கிளாஸை என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்.

நல்ல டீயை இப்படி வீணாக்குகிறாரே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் அந்த மடக்கு யாருக்காக என்று புரிகிறது. இதை இத்துடன் விடுகிறேன்.

மே 21, புதன்

நாளை ஓசூர் போகிறேன். யாமினியைப் பார்க்க என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பள்ளியிலும் ஒருமுறை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்ப்பதில் என்ன வந்துவிட்டது.

"ரெண்டு நாளா?" என்று கேட்டார். "சனிக்கிழமை மத்தியானம் வந்துடுவேன்" என்றேன். இலை டப்பா எங்கே, நன்னாரி எங்கே என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மே 24, சனி, மதியம்

வந்தேன். மோந்து பார்த்தேன். முடிந்துவிட்டது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, பிரிக்கப் போவதும் இல்லை.

மே 25, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும். நேற்று எழுதிய மூன்று வரியைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஓசூர்ப் பள்ளி நன்றாகத்தான் இருந்தது. மரங்கள், பெரிய வகுப்பறைகள், குளுகுளுவென்று காற்று. வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அனல் முகத்தில் அடித்தது. வீட்டுக்குள் வந்தால் ஒரு புளித்த வாடை. அடுப்பு மேடையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், வயிறு உப்பி நின்றது. பக்கத்தில் கழுவாத கண்ணாடி கிளாஸ். மூடியைத் திருகினேன், புஸ்ஸென்று நுரை வந்தது. மோந்து பார்த்தேன். மூக்கில் ஏறியது.

என் சத்தம் கேட்டு இவர் உள் அறையிலிருந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. "வந்துட்டியா? அந்த பாட்டிலப் பாத்தியா, அதுல..."

"பாத்தேன். மோந்தும் பாத்துட்டேன். ரெண்டே ரெண்டு நாள். அதுகூட முடியல இல்ல உங்களால?"

சிரிப்பு போய்விட்டது. ஏதாவது சொல்வார், கத்துவார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். முன்பெல்லாம் அப்படித்தான். ஆனால் "சரி குமுதா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் டைரியை எடுத்து அந்த மூன்று வரியை எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா அக்கா ஒரு காலி பால் பாத்திரத்தோடு வந்தார். "ஓசூர்ல ஜம்முனு இருந்துட்டு வந்துட்ட. இங்க வியாழக்கிழமை டிரான்ஸ்பார்மர் போய், முந்தாநாளும் நேத்தும் கரண்ட்டே இல்ல. பாலு, மாவு, குழம்பு, ஃபிரிட்ஜில இருந்த அத்தனையும் புளிச்சுப் போச்சு."

புளித்துப் போச்சு என்றதும் எனக்குள் எதுவோ இடறியது. அக்கா போனதும் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் தேயிலை. நடுவில் புதினா இலைகள் கறுத்து மிதந்தன. பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று தோலோடு உள்ளே கிடந்தது.

டீயாக இருக்குமோ? டீயில் அதைக் கலந்திருப்பாரோ? ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். புளித்தது. அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? இத்தனை வருடமாக அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேனே தவிர, அதன் ருசி எனக்குத் தெரியாது.

ருசி தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். பாட்டிலைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், குடை பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டில் நடந்தேன். எட்டியப்பன் டயர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாத்து சொல்லுங்க."

மரியாதைக்கு எழுந்து நின்று, துடைத்த கையால் வாங்கி, நம்பிக்கையோடு ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அடுத்த கணம் ரோட்டுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

"அண்ணி, என்னத் திட்டணும்னா நேராவே திட்டிடுங்க!"

"அதுல ஏதாவது கலந்திருக்கா? அதச் சொல்லுங்க."

இன்னொரு சொட்டை எடுத்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. இது கெட்டுப்போன டீ. இதக் குடிச்சா போதை வராது, பேதிதான் வரும்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தணிகா மேல சந்தேகப்பட்டீங்களா?"

நான் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினேன்.

"நேத்து இங்க வந்தான் அண்ணி. கரண்ட்டு இல்ல, வச்ச டீ கெட்டுப்போச்சு, எதனாலன்னு தெரியல, குமுதா வந்தா கேக்கணும்னான். அப்புறம் ஐஸ் கம்பெனி வரைக்கும் நடந்துபோய் ஐஸ் வாங்கிக்கினு போனான். புதுசா டீ போடறதுக்கு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. வந்து பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர், இலை, சோடா, நன்னாரி. பாகு மேடையெல்லாம் சிந்தியது. இவருடைய போன் டிவி மேலேயே கிடந்தது. ஏழு மணி ஆயிற்று. இந்த ஏழு மணியில் இவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும், எங்கே இருந்தாலும் அங்கே தள்ளியது நான் என்றும் தெரியும். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

ஏழரைக்கு கேட் சத்தம். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பழைய நாட்களில் செய்ய வைப்பேனே, அதே மாதிரி முகத்தை என் பக்கம் நீட்டினார்.

"ஊதட்டுமா?"

"வேணாம்."

"ஊதறேன் குமுதா. உனக்குத் தெரியணும் இல்ல?"

"வேணாங்க. எட்டியப்பன்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தேன். தப்பு என்னோடது. உள்ள வாங்க."

வரவில்லை. அங்கேயே நின்று சொன்னார். "ஒயின்ஷாப் வரைக்கும் போயிட்டேன். வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். உள்ள போனா நீ சொன்னது நெசமாயிடும்னு தோணிச்சி. அதான் போவல."

"அந்த பாட்டில்ல எதுக்கு டீ போட்டு வச்சீங்க? நான்தான் சனிக்கிழமை வரேன்னு சொன்னேனே."

"பழகிக்கலாம்னுதான்." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாமினி போன் பண்ணிச்சி. ரெண்டு வருசம் கழிச்சி எங்கிட்டப் பேசிச்சி. அம்மாவுக்கு இங்க வேலை கெடைச்சிருக்குது, நீ தடுக்காதப்பான்னு. நான் தடுக்க மாட்டேன். ஆனா நீ போயிட்டா ஏழு மணிக்கு எனக்கு யார் டீ போடுவா? நானே போடக் கத்துக்கினா பொழைச்சிக்குவேன் இல்ல?"

தெரு பார்த்தால் பார்க்கட்டும் என்று வாசலிலேயே அழுதேன். இவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து உட்காரவைத்து, கிளாஸில் ஐஸ் போட்டு ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்: "அது ஏன் குமுதா கெட்டுப்போச்சி?"

"இலைய வடிகட்டல. எலுமிச்சம்பழத்தையும் புதினாவையும் பாட்டில்லயே போட்டா இந்த வெயில்ல புளிக்காம என்ன பண்ணும்? அதெல்லாம் குடிக்கும்போது கிளாஸ்ல போடறது."

"ஓ" என்றார், பெரிய விஷயம் கேட்டுக்கொண்ட மாதிரி.

மே 26, திங்கள்

இவர் டீ போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வடிகட்டும்போது பிழியப் போனார். கையில் ஒரு தட்டு தட்டினேன்.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது. வேலூர் இன்னும் காலண்டரைப் பார்க்கவில்லை.

மே 30, வெள்ளி

ஓசூர்ப் பள்ளிக்குப் போன் செய்து, வர முடியாது என்று சொன்னேன். ஏன் மேடம் என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறேன், பாதியில் விட முடியாது என்றேன்.

இவர் நாளைக்கே வழுக்கி விழலாம். அது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் கடை வாசல் வரை போய்த் திரும்பி வரத் தெரிந்த ஒருவரோடு நான் இதுவரை குடித்தனம் செய்ததில்லை. செய்து பார்க்கவேண்டும் என்று இருக்கிறது.

மே 31, சனி

யாமினி வந்தாள். "எப்படிம்மா நம்பற?" என்று நேற்று போனில் சண்டை போட்டவள், இன்று நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். இவர் ஈரத்துணி சுற்றிய பாட்டிலோடு மூன்று மணிக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாராம். அதை அவள் கையில் வாங்கிக்கொண்டாள், ஆனால் வழியில் திறக்கவில்லை.

ஏழு மணிக்கு மூன்று பேரும் மாடிக்குப் போனோம். கண்ணாடி கிளாஸ் இரண்டுதான், அதனால் எனக்கு ஸ்டீல் டம்ளர். டீ போட்டது இவர். எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிந்தார், பிழியும்போது ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டார். யாமினி தன் கிளாஸை விட்டுவிட்டு, தவறி எடுத்த மாதிரி அப்பாவின் கிளாஸை எடுத்தாள். மூக்கருகில் ஒரு கணம் நிறுத்தினாள். அம்மா பிள்ளை. பிறகு ஒரு வாய் குடித்தாள்.

இவர் எங்கேயோ மலையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"இனிப்பு கொஞ்சம் ஜாஸ்திப்பா" என்றாள்.

"அது உங்கம்மா அளவு. எனக்குத் தெரியாது" என்றார் இவர். அவள் கிளாஸைத் திருப்பிக் கொடுக்காமல் அதையே குடித்தாள், இவர் அவளுடையதைக் குடித்தார். தன் கம்பெனியைப் பற்றி, மேனேஜரைப் பற்றி, ஓசூரில் வாங்கப் போகிற ஃபிரிட்ஜைப் பற்றி ஏதேதோ பேசினாள். எதை வாங்கக் கூடாது என்று இவர் ஒரு மணி நேரம் விளக்கினார். ஜூலையில் மறுபடி வருவாளாம்.

கீழே வந்து பாத்திரம் கழுவினேன். இவருடைய கிளாஸில் ஒரு மடக்கு மிச்சம் இல்லை. ஐஸ்கூட இல்லை, எல்லாவற்றையும் கடித்துத் தின்றிருக்கிறார். இரண்டு கிளாஸையும் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்று நான் மோந்து பார்க்கவில்லை.